ரோபோட்டிக்ஸ் கிட்டிலிருந்து கன்ட்ரோல் பேனலுக்கு: மாணவர்களைக் கூட்டிச்செல்லும் வழி

கறுப்புக் கோட்டில் பிசகாமல் ஓடும் ரோபோ ஒன்றைச் செய்திருந்தாள் என் மாணவி. சென்சார் அளவுகளை அவளே எடுத்தாள். வளைவில் வேகம் எவ்வளவு குறைய வேண்டும் என்பதையும் அவளே கண்டுபிடித்தாள். அவளை முதல்முறையாக ஒரு கன்ட்ரோல் பேனல் முன்னால் நிறுத்திக் கதவைத் திறந்து காட்டினேன். வரிசையாக ஒயர்களைச் சேர்க்கும் டெர்மினல்கள், மின்சாரத்தால் இழுபடும் சுவிட்சுகளான ரிலேக்கள், எண் போட்ட ஒயர்கள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சார், இதுல ப்ரோகிராம் எங்க இருக்கு?" என்று கேட்டாள்.

பாதி பிஎல்சியில், அதாவது இயந்திரங்களை இயக்கும் தொழிற்சாலைக் கன்ட்ரோலரில், இருக்கிறது, மீதிப் பாதி அந்த ஒயர்களிலேயே இருக்கிறது. இந்தப் பதில் ஒரு மாணவருக்கு உள்ளபடியே விளங்க ஓர் ஆண்டாவது பிடிக்கும். அந்த ஓர் ஆண்டை எப்படி அடுக்குவது என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். ஆர்டுயினோ, மைக்ரோபிட், லெகோ போன்ற கிட்களில் கை பழகிய மாணவர்களை வைத்திருக்கும் ஆசிரியர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். தனியாகக் கற்பவரும் இதே வரிசையில் போகலாம். மின்சாரம் 24 வோல்ட்டைத் தாண்டும் இடத்திலும், காற்றழுத்தம் வரும் இடத்திலும் மட்டும் விவரம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும்.

கிட் வகுப்பில் நாம் கேட்பது, "ஓடுதா?" என்று. தொழிற்சாலையில் அதற்கு மேல் ஒரு கேள்வி உண்டு: "இந்த ஒயர் அறுந்தால் என்ன ஆகும்?" கீழே வரும் எல்லாப் படிகளிலும் இந்தக் கேள்வியைக் கையோடு எடுத்துப் போகிறோம்.

படி 1: கிட்டை வைத்துக்கொண்டே டிலேயை விடுங்கள்

புதுப் பொருள் எதையும் வாங்காமல் தொடங்க வேண்டிய படி இது. என் கணிப்பில் முழுப் பயணத்திலும் இதுதான் முக்கியமானது. இதற்கு ஒரு மாதம் கொடுத்தாலும் அதிகமில்லை.

கிட்டில் பழகியவர்கள் எழுதும் ப்ரோகிராம் பெரும்பாலும் இப்படிப் போகும்: மோட்டாரை ஓட்டு, மூன்று விநாடி டிலே, நிறுத்து, ஒரு விநாடி டிலே, திருப்பு. டிலே ஓடும் அந்த மூன்று விநாடியும் கன்ட்ரோலருக்குக் கண்ணும் காதும் கிடையாது. யாராவது நிறுத்தும் பட்டனை அழுத்தினால் அதற்குத் தெரியாது. பொம்மைக் காரில் இது பெரிய விஷயமில்லை. பொருள்களை நகர்த்தும் கன்வேயரில் யாருடைய சட்டைக் கையாவது மாட்டினால் அந்த மூன்று விநாடி மிக நீளம்.

அதற்குப் பதிலாக, வேலையை நிலைகளாகப் பிரிக்கச் சொல்லுங்கள். ஒரு சின்னப் பெட்டியைத் தள்ளிவிட்டுத் திரும்பி வரும் தள்ளுகோலை எடுத்துக்கொள்வோம். அதற்கு நான்கு நிலைகள் போதும்: காத்திருப்பு, தள்ளுதல், திரும்புதல், கோளாறு. முதலில் காகிதத்தில் நான்கு வட்டம் போட்டு, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எப்போது போகும் என்று அம்புக்குறி வரைய வேண்டும். கணினியை அதற்கு அப்புறம் திறக்கலாம்.

ஒவ்வொரு வட்டத்துக்கும் மாணவர் மூன்று பதில் எழுத வேண்டும். இந்த நிலையில் எந்த அவுட்புட் ஆனில் இருக்கும்? எது நடந்தால் இதைவிட்டு வெளியேறும்? அதிகபட்சம் எவ்வளவு நேரம் இதில் இருக்கலாம்? முதல் இரண்டையும் எல்லோரும் எழுதிவிடுவார்கள். மூன்றாவதுதான் புதுசு. தள்ளுகோல் வழக்கமாக ஒரு விநாடியில் முனைக்குப் போய், அங்கே வந்ததைச் சொல்லும் லிமிட் சுவிட்சைத் தொடுகிறது என்றால், இரண்டு விநாடி ஆகியும் தொடவில்லை என்பதற்கு ஏதோ ஒரு காரணம் இருக்கிறது. பெட்டி சிக்கியிருக்கலாம், மோட்டார் பழுதாகியிருக்கலாம், சுவிட்ச் ஒயர் கழன்றிருக்கலாம். எதுவென்று ப்ரோகிராமுக்குத் தெரிய வேண்டியதில்லை. மோட்டாரை அணைத்துவிட்டுக் கோளாறு நிலைக்குப் போனால் போதும். ஒரு ஆள் வந்து பார்த்து ரீசெட் அழுத்தும்வரை அங்கேயே நிற்க வேண்டும். தானாக இன்னொரு தடவை முயலக் கூடாது.

நேரத்தை அளக்க ஆர்டுயினோவில் மில்லிஸ் இருக்கிறது. நிலைக்குள் நுழைந்த நேரத்தைக் குறித்துவைத்து, ஒவ்வொரு சுற்றிலும் இப்போதைய நேரத்தோடு கழித்துப் பார்த்தால் ஆயிற்று. லூப் எங்கேயும் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். இந்தப் பழக்கம் வந்துவிட்டால் பிஎல்சி பாதி வந்த மாதிரிதான். ஏன் என்று நான்காவது படியில் சொல்கிறேன்.

இந்தப் படி முடிந்ததா என்று பார்க்கும் சோதனை எளிது. தள்ளுகோல் ஓடிக்கொண்டிருக்கும்போது லிமிட் சுவிட்ச் ஒயரைப் பிடுங்குங்கள். இரண்டு விநாடியில் மோட்டார் நின்று கோளாறு விளக்கு எரிந்தால் அடுத்த படிக்குப் போகலாம்.

படி 2: 24 வோல்ட் மேசை

ஆர்டுயினோ ஊனோ ஆர்3இன் பின் (இணைப்புக் கால்) 5 வோல்ட்டில் வேலை செய்கிறது. ஒரு பின்னிலிருந்து 20 மில்லியாம்பியருக்கு மேல் எடுக்காமல் இருப்பது நல்லது. தொழிற்சாலைக் கட்டுப்பாட்டில் வழக்கம் 24 வோல்ட் டிசி. ஆளுக்குப் பெரிய ஆபத்து இல்லாத அளவு, நீளமான ஒயரில் கொஞ்சம் இழந்தாலும் தாங்கும் அளவு. பிஎல்சியின் சாதாரண 24 வோல்ட் இன்புட், 15 வோல்ட்டுக்கு மேல் வந்தால் ஆன் என்றும், 5 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் ஆஃப் என்றும் எடுத்துக்கொள்ளும். பக்கத்தில் மோட்டார் கேபிள் ஓடி, சிக்னல் ஒயரில் ஒன்றிரண்டு வோல்ட் குதித்தாலும் அது ஏமாறாது.

மேசைக்கு வேண்டியவை இவ்வளவுதான்: ஒரு 24 வோல்ட் பவர் சப்ளை, 35 மில்லிமீட்டர் டின் ரயில் (பாகங்களை மாட்டும் உலோகப் பட்டை), டெர்மினல்கள், ஒரு ஃபியூஸ், பச்சை பட்டன், சிவப்பு பட்டன், இரண்டு மூன்று விளக்குகள், இரண்டு ரிலே, ஒரு ப்ராக்ஸிமிட்டி சென்சார் (பொருள் பக்கத்தில் வந்ததைத் தொடாமலே உணர்வது), ஒரு மல்டிமீட்டர். பவர் சப்ளையின் மெயின்ஸ் பக்கத்தைத் தகுதியுள்ள எலக்ட்ரீஷியன் ஒருவர் இணைத்து மூடிவிட வேண்டும். மாணவர் கை 24 வோல்ட் பக்கத்தைத் தாண்டக் கூடாது. இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

ஜம்பர் ஒயரைப் பிரெட்போர்டில் குத்திப் பழகிய விரல்களுக்கு இங்கே வேறு பாடம். ஒயரைச் சரியான நீளத்துக்கு உரித்து, ஃபெருல் (ஒயர் முனைக்கான சின்ன உலோகக் குழாய்) மாட்டி நசுக்கி, டெர்மினலில் முறுக்கி, பிடித்து இழுத்துப் பார்க்க வேண்டும். இரண்டு முனையிலும் எண் ஒட்ட வேண்டும். சலிப்பான வேலை போலத் தெரியும். ஆனால் பேனலில் கோளாறு தேடும் ஆள் முதலில் நம்புவது அந்த எண்ணைத்தான்.

மூன்று ஒயர் சென்சாரைக் கையில் கொடுங்கள். பழுப்பு ஒயர் 24 வோல்ட்டுக்கு, நீலம் 0 வோல்ட்டுக்கு, கறுப்பு சிக்னல். இதில் பிஎன்பி, என்பிஎன் என்று இரண்டு வகை உண்டு. பிஎன்பி வகையில் பொருள் தெரிந்ததும் கறுப்பு ஒயரில் 24 வோல்ட் வரும். என்பிஎன் வகையில் கறுப்பு ஒயர் 0 வோல்ட்டுக்கு இழுக்கப்படும். வகை மாறிப்போனால் சென்சாரின் விளக்கு அழகாக எரியும், பிஎல்சி மட்டும் எதையும் பார்க்காது. மாணவர் இதை மனப்பாடம் செய்ய வேண்டாம். இரண்டையும் மேசையில் கட்டி, மீட்டர் வைத்து அளக்கட்டும்.

இன்னொன்று. இந்த 24 வோல்ட்டை ஆர்டுயினோ பின்னில் நேரே கொடுத்தால் போர்டு போய்விடும். இரண்டையும் சேர்க்க வேண்டுமானால் நடுவில் ஆப்டோகப்ளர் (ஒளி வழியாகச் சிக்னலைக் கடத்தும் பாகம்) அல்லது ரிலே வேண்டும். டிசி ரிலேயின் காயிலுக்குக் (சுவிட்சை இழுக்கும் கம்பிச்சுருள்) குறுக்கே டையோடு வைக்கவும் சொல்லிக்கொடுங்கள். காயிலை அணைக்கும்போது எழும் உயர்ந்த மின்னழுத்தம் அதை இயக்கும் டிரான்சிஸ்டரைக் கொன்றுவிடும்.

படி 3: பிஎல்சிக்கு முன் ஒரு ரிலே

பிஎல்சியை உடனே எடுக்கத் தோன்றும். எடுக்காதீர்கள். ஒரு வாரம் வெறும் ரிலேயோடு இருக்கட்டும்.

சுற்று இது: 24 வோல்ட்டிலிருந்து சிவப்பு பட்டன், அதற்குப் பிறகு பச்சை பட்டன், அதற்குப் பிறகு ரிலே காயில், கடைசியில் 0 வோல்ட். சிவப்பு, நார்மலி க்ளோஸ்டு (சுருக்கமாக என்சி) வகை, தொடாதபோது மூடியிருக்கும். பச்சை, நார்மலி ஓப்பன், தொடாதபோது திறந்திருக்கும். பச்சைக்கு இணையாக அதே ரிலேயின் நார்மலி ஓப்பன் கான்டாக்ட் (ரிலே திறந்து மூடும் சுவிட்ச் முனை) ஒன்றைக் கட்டுங்கள். பச்சையை அழுத்தினால் ரிலே இழுக்கும், தன் கான்டாக்டைத் தானே மூடிக்கொள்ளும், கையை எடுத்தாலும் விடாது. சிவப்பை அழுத்தினால் விட்டுவிடும். ஆங்கிலத்தில் பல பெயர் சொல்வார்கள், நம் மாணவர்களிடம் 'தன்பிடிப்பு' என்று சொன்னால் சட்டென்று புரிகிறது.

இப்போது மூன்று சோதனை. ஓடிக்கொண்டிருக்கும்போது சிவப்பு பட்டனின் ஒயரைக் கழற்றுங்கள்: ரிலே விட்டுவிடும். பச்சையின் ஒயரைக் கழற்றுங்கள்: ஓடுவது ஓடும், ஆனால் ஒருமுறை நின்றால் மறுபடி தொடங்காது. பவரை அணைத்து மறுபடி போடுங்கள்: ஒன்றும் நடக்காது, யாராவது பச்சையை அழுத்தினால்தான் உண்டு.

மூன்றும் நல்ல பக்கம் விழுகின்றன, கவனித்தீர்களா? ஒரு வரி ப்ரோகிராம்கூட இல்லாமல், ஒயர் கட்டிய விதத்தாலேயே இது கிடைக்கிறது. அடுத்து, சிவப்பு பட்டனை நார்மலி ஓப்பனாகவும் கட்டிக் காட்டுங்கள். ஆர்டுயினோவின் ஒரு பின்னில் சேர்த்து, 'அழுத்தினால் நிறுத்து' என்று எழுதுவோமே, அது மாதிரி. அதன் ஒயர் அறுந்தாலும் எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். நிறுத்த வேண்டிய அவசரம் வரும் நாளில்தான் பட்டன் செத்துக் கிடப்பது தெரியும். பவர் போய் வந்தால் என்ன ஆகும் என்பதையும் தங்கள் பழைய கிட் ப்ரோகிராம்களில் அவர்களே சோதிக்கட்டும். செட்அப் முடிந்ததும் மோட்டார் பாய்ந்து ஓடும் ப்ரோகிராம்கள் நிறையக் கிடைக்கும்.

படி 4: பிஎல்சி

பிஎல்சிக்கு ப்ரோகிராம் எழுதும் லேடர் என்ற படமொழியைப் பார்த்ததும் சி, பைத்தான் தெரிந்த மாணவர் முகம் சுளிப்பார். அது ஏன் அப்படி இருக்கிறது என்ற கதையைச் சொல்லிவிடுங்கள். 1968 வாக்கில் ஜெனரல் மோட்டார்ஸின் ஹைட்ராமேட்டிக் பிரிவு, ரிலே பேனல்களுக்கு மாற்று கேட்டது. கார் மாடல் மாறும்போதெல்லாம் அந்தப் பேனல்களின் ஒயரிங்கை மாற்ற வேண்டியிருந்தது. டிக் மார்லியும் அவருடைய பெட்ஃபோர்ட் அசோசியேட்ஸ் குழுவும் செய்த மோடிகான் 084 அதற்கு விடையாக வந்தது. அவர்களுடைய 84ஆவது திட்டம் என்பதால் அந்தப் பெயர். ரிலே வரைபடம் படிக்கத் தெரிந்த எலக்ட்ரீஷியன்கள் அப்படியே புரிந்துகொள்ள வேண்டும் என்பதால் ப்ரோகிராமும் அதே வரைபடம் போல ஆனது. மூன்றாவது படியில் ரிலேயைக் கட்டிய மாணவருக்கு லேடரின் முதல் ரங் (ஏணிப்படி போன்ற ஒரு வரி) ஏற்கெனவே தெரிந்த முகம்.

உள்ளே நடப்பது ஸ்கேன். பிஎல்சி எல்லா இன்புட்டையும் ஒருமுறை படித்து நினைவில் வைத்துக்கொள்ளும். ப்ரோகிராமை மேலிருந்து கீழாக முழுக்க ஓட்டும். முடிவில் எல்லா அவுட்புட்டையும் ஒருசேர எழுதும். மறுபடி முதலிலிருந்து. ஒரு சுற்றுக்குச் சில மில்லிவிநாடிகள் முதல் சில பத்து மில்லிவிநாடிகள் வரை ஆகும். சுற்று எங்கேயாவது மாட்டிக்கொண்டு வரம்பைத் தாண்டினால் வாட்ச்டாக் என்ற கண்காணிப்பு டைமர் பிஎல்சியையே நிறுத்திவிடும். டிலே இல்லாத லூப்பை முதல் படியில் பழகியதற்குக் காரணம் இதுதான். நிலைகளை வைத்து எழுதிய ப்ரோகிராம் கிட்டத்தட்ட அப்படியே இங்கே குடியேறும்.

இந்தப் படியில் மாணவர்கள் தடுக்கி விழும் இடங்கள் நான்கு உண்டு. விழட்டும், ஆனால் ஏன் விழுந்தோம் என்பதை அவர்களே கண்டுபிடிக்கட்டும்.

சிவப்பு பட்டன் குழப்பம் முதலாவது. அது நார்மலி க்ளோஸ்டாகக் கட்டப்பட்டிருப்பதால், யாரும் தொடாதபோது பிஎல்சி இன்புட்டில் 1 இருக்கும். ஆகவே லேடரில் அதற்கு நார்மலி ஓப்பன் கான்டாக்ட் குறிதான் போட வேண்டும். 'பட்டன் என்சி, அதனால் குறியும் என்சி' என்று போட்டவரின் அவுட்புட் விளக்கு எரியவே எரியாது. என் வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒருவர் இதில் ஒரு மணி நேரமாவது நிற்பார். நான் உடனே சொல்லிவிடுவதில்லை. இன்புட் விளக்கைப் பார்க்கச் சொல்வேன். விளக்கு, ஒயரில் என்ன இருக்கிறது என்று சொல்கிறது. ப்ரோகிராம், அந்த 1 வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறது. இரண்டும் வேறு வேறு கேள்வி என்பது பிடிபட்டதும் பல முடிச்சு ஒன்றாக அவிழும்.

அடுத்தது, ஒரே அவுட்புட்டை இரண்டு ரங்கில் எழுதுவது. இஃப் எல்ஸ் பழக்கத்தில் வருவது. கடைசியில் எழுதியதுதான் நிற்கும், மேலே எழுதியது வீண். ஓர் அவுட்புட்டுக்கு ஒரே ஒரு ரங் என்று வகுப்பு விதியாக வைத்துவிடுங்கள்.

மூன்றாவது, எண்ணிக்கை. பட்டனை ஒருமுறை அழுத்தி அரை விநாடி பிடித்தால், அதற்குள் பல ஸ்கேன் ஓடிவிடும். கூட்டல் கணக்கை நேராக எழுதினால் ஒன்றுக்குப் பதில் ஐம்பது வரும். 0 என்பது 1 ஆகும் அந்த ஒரு கணத்தை மட்டும் பிடிக்கும் எட்ஜ் கான்டாக்டை அறிமுகப்படுத்த இதைவிட நல்ல தருணம் கிடைக்காது.

நான்காவது, ஸ்கேனைவிட வேகமான உலகம். ஸ்கேன் 10 மில்லிவிநாடி என்று வையுங்கள். விநாடிக்கு 1 மீட்டர் போகும் கன்வேயர் அந்த நேரத்தில் 10 மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். 5 மில்லிமீட்டர் அகலமுள்ள பொருள் பிஎல்சி ஒருமுறை படித்து மறுமுறை படிப்பதற்குள் சென்சாரைத் தாண்டிப் போக முடியும். அதற்காகத்தான் ஹைஸ்பீடு கவுன்டர் என்று தனி இன்புட் வைத்திருக்கிறார்கள்.

பிஎல்சி மொழிகளுக்கு ஐஇசி 61131-3 என்ற தரம் 1993 முதல் இருக்கிறது. லேடர், ஃபங்ஷன் பிளாக், ஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்ட், சீக்வென்ஷியல் ஃபங்ஷன் சார்ட் என்ற நான்கும் தெரிந்திருந்தால் போதும். இன்ஸ்ட்ரக்‌ஷன் லிஸ்ட் வழக்கொழிந்துவிட்டது. முதலில் லேடர், பிறகு ஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்ட் என்று போகலாம். ப்ரோகிராமை வரிகளாக எழுதிப் பழகிய மாணவர் பின்னதை விரும்புவார். ஆனால் நள்ளிரவில் கன்வேயர் நின்றால் லேப்டாப்போடு வந்து நிற்கும் மெயின்டனன்ஸ் ஆளுக்கு லேடரில் எது ஆன், எது ஆஃப் என்று நிறத்திலேயே தெரியும். அவரையும் நினைத்துத்தான் எழுத வேண்டும்.

எந்த பிராண்ட் என்று எல்லோரும் கேட்பார்கள். உங்களுக்கு உதிரிபாகமும் உதவியும் கிடைக்கும் ஏதாவது ஒன்று. அதை ஆழமாகப் பழகினால் அடுத்தது சில வாரங்களில் வரும். கையில் எதுவும் இல்லையென்றால் கோடெசிஸ் மென்பொருளை இலவசமாக இறக்கி, கணினியிலேயே சிமுலேஷனில் ஓட்டலாம். ஓப்பன்பிஎல்சி ராஸ்பெரி பையிலும் சில ஆர்டுயினோ போர்டுகளிலும் ஓடும். வாங்கிய கருவி ஒன்றோடு மட்டும் உங்களைக் கட்டிப்போட்டுக்கொள்ளாதீர்கள். லெகோ மைண்ட்ஸ்டார்ம்ஸ் 1998இல் வந்து, 2022 முடிவில் நிறுத்தப்பட்டது. அதில் நிலைகளை யோசிக்கக் கற்றவர் எதையும் இழக்கவில்லை.

படி 5: எதுவும் அசைவதற்கு முன்

இந்த 24 வோல்ட் மேசையில் இதுவரை விளக்குகளை மட்டுமே எரித்தோம். வேண்டுமென்றேதான் அப்படி வைத்தேன். மோட்டாரோ சிலிண்டரோ மேசைக்கு வருவதற்கு முன் இந்தப் படி முழுதாக முடிய வேண்டும்.

ஒரு கணக்கோடு தொடங்குங்கள். 32 மில்லிமீட்டர் விட்டமுள்ள சாதாரண காற்றுச் சிலிண்டர், 6 பார் அழுத்தம். பிஸ்டனின் பரப்பு ஏறத்தாழ 804 சதுர மில்லிமீட்டர். விசை 480 நியூட்டனுக்கு மேல் வரும், அதாவது சுமார் 49 கிலோ எடையை விரல்மேல் வைத்தது போல. கிட்டில் இருக்கும் சின்ன சர்வோவைக் கையால் பிடித்து நிறுத்திப் பழகிய மாணவருக்கு இந்த எண் உடம்பில் உறைக்க வேண்டும். வகுப்புக்கு 16 மில்லிமீட்டர் சிலிண்டர் வாங்குங்கள். 6 பாரில் அதன் விசை 12 கிலோ அளவுதான். தொடக்கத்தில் அழுத்தத்தையும் குறைத்து வையுங்கள். அப்படியும் உள்ளே தெரியும் உறுதியான பிளாஸ்டிக் தகடு மறைப்பு வேண்டும்.

அப்புறம் எமர்ஜென்சி ஸ்டாப். அதைப் பிஎல்சியின் ஒரு சாதாரண இன்புட்டில் கட்டி, 'வந்தால் எல்லாவற்றையும் அணை' என்று எழுதுவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி. அது தவறு. ப்ரோகிராம் தவறலாம், பிஎல்சியின் அவுட்புட் ரிலே ஒட்டிக்கொள்ளலாம். எமர்ஜென்சி ஸ்டாப்பின் இரண்டு என்சி கான்டாக்டுகளும் தனித்தனி ஒயரில் ஒரு சேஃப்டி ரிலேக்குப் போக வேண்டும். அந்தச் சேஃப்டி ரிலேதான் மோட்டாருக்கும் வால்வுக்கும் போகும் பவரை வெட்ட வேண்டும். இரண்டில் ஒரு ஒயர் அறுந்தாலும் அது வெட்டிவிடும், சரிசெய்யும்வரை மறுபடி சேர்க்காது. பிஎல்சிக்கு 'வெட்டிவிட்டேன்' என்ற தகவல் மட்டும் போகும். பாதுகாப்புக்கென்றே செய்த சேஃப்டி பிஎல்சிகள் தனி உண்டு, அவை பிற்பாடு.

ஐஎஸ்ஓ 13850 தரம் இதைப் பற்றியது. அதிலிருந்து மாணவர் மறக்கக் கூடாத ஒன்று: அழுத்திய பட்டனைத் திருகி விடுவிப்பதால் இயந்திரம் ஓடத் தொடங்கக் கூடாது. விடுவிப்பது, ரீசெட் செய்வது, ஸ்டார்ட் கொடுப்பது மூன்றும் தனித்தனிச் செயல்கள்.

பவரை அணைத்தாலும் ஆற்றல் உள்ளே தங்கும் என்பதையும் கண்ணால் காட்டுங்கள். காற்று இணைப்பை மூடிய பிறகும் சிலிண்டரில் அடைபட்ட காற்று ஒருமுறை தள்ளும். மோட்டாரின் வேகத்தை மாற்றும் விஎஃப்டியின் கெப்பாசிட்டர்கள் அணைத்த பிறகும் சில நிமிடங்கள் ஆளைக் கொல்லும் மின்னழுத்தத்தை வைத்திருக்கும். எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று அதன் மேலேயே அச்சிட்டிருப்பார்கள். பூட்டுப் போட்டு, அட்டை மாட்டி, மீட்டரால் சோதித்து, பிறகு கை வைப்பது என்ற ஒழுங்கை மேசையளவிலேயே தொடங்கிவிடலாம். பூட்டின் சாவி வேலை செய்கிறவர் பையில் இருக்க வேண்டும், ஆசிரியர் மேசையில் அல்ல.

படி 6: அசைவு, பிறகு அளவு

கிட் சர்வோவிடம் 90 டிகிரி என்று சொன்னால், அது அங்கே போய்விட்டதாகவே எடுத்துக்கொள்வோம். போனதா என்று யாரும் பார்ப்பதில்லை. தொழிற்சாலைச் சிலிண்டரின் இரண்டு முனையிலும் ரீட் சுவிட்ச் (பிஸ்டனின் காந்தத்தால் இயங்குவது) இருக்கும். 'போ' என்று சொல்வது ஒரு சிக்னல், 'வந்துவிட்டேன்' என்பது வேறொரு சிக்னல். இரண்டு முனை சுவிட்சுகளும் ஒரே நேரத்தில் 'இங்கே இருக்கிறேன்' என்று சொன்னால் ஒரு சுவிட்ச் பொய் சொல்கிறது என்று அர்த்தம். அதையும் கோளாறாக எழுதச் சொல்லுங்கள்.

மோட்டாருக்கு 24 வோல்ட் டிசி மோட்டார் பூட்டிய சின்ன கன்வேயர் போதும். முன்னோக்கி ஓட ஒரு ரிலே, பின்னோக்கி ஓட ஒரு ரிலே. இரண்டும் ஒரே நேரத்தில் இழுத்தால் ஷார்ட் ஆகும். அதனால் ஒன்றின் என்சி கான்டாக்ட் வழியாக மற்றதன் காயிலுக்குக் கொடுக்க வேண்டும். ப்ரோகிராமிலும் இதே தடையை எழுத வேண்டும். ஒன்று இருக்கிறதே, மற்றது எதற்கு என்று கேட்பார்கள். ப்ரோகிராமை நாளைக்கு யாராவது மாற்றலாம், ஒயர் அப்படியே இருக்கும்.

அளவுக்கு வந்தால், கிட்டில் பழகிய 0 முதல் 5 வோல்ட்டுக்குப் பதில் இங்கே 4 முதல் 20 மில்லியாம்பியர். 0 முதல் 10 பார் வரை அளக்கும் அழுத்த சென்சார் என்றால் 4 மில்லியாம்பியர் 0 பார், 12 என்றால் 5 பார், 20 என்றால் 10 பார். ஏன் 0இல் தொடங்கவில்லை? நம் பழைய கேள்விதான். ஒயர் அறுந்தால் மின்னோட்டம் 0 ஆகும். 0 பார் என்பதும் 0 மில்லியாம்பியராக இருந்தால், அழுத்தம் இல்லையா, ஒயர் இல்லையா என்று எப்படித் தெரியும்? 3.6க்குக் கீழே போனால் கோளாறு என்று எழுதுவது பரவலான வழக்கம். நீளமான ஒயரின் மின்தடையால் வோல்ட்டேஜ் குறைவது போல மின்னோட்டம் குறையாது என்பது இன்னொரு லாபம்.

கோடு தொடரும் ரோபோவில் பிழைக்கு ஏற்ற அளவு திருப்பினார்களே, அதுதான் பிஐடியின் (பிழை, சேர்ந்துவந்த பிழை, பிழை மாறும் வேகம் மூன்றையும் பார்த்துத் திருத்தும் முறை) முதல் எழுத்து. தொட்டி நீர்மட்டமோ, ஒரு சின்ன ஹீட்டரின் வெப்பமோ வைத்து மீதி இரண்டையும் சேர்க்கலாம். அவசரம் இல்லை.

படி 7: ரோபோ கை

மாணவர்கள் முதல் நாளிலிருந்தே கேட்பது இதைத்தான். இவ்வளவு தாமதமாகக் கொடுப்பதற்குக் காரணம், தொழிற்சாலை ரோபோ தனியாக வேலை செய்வதில்லை. 'எடுத்துக்கொள்' என்று பிஎல்சி சொல்லும், 'வேலையில் இருக்கிறேன்' என்று ரோபோ சொல்லும், 'முடிந்தது' என்று சொல்லும், அதைப் பார்த்துப் பிஎல்சி தன் கோரிக்கையை விலக்கும். இந்தக் கைகுலுக்கல் தெரியாமல் ரோபோவை ஆட்டத் தெரிந்து பயனில்லை.

ரோபோ தயாரிப்பாளர்கள் பலரின் சிமுலேஷன் மென்பொருளில் தொடங்கலாம். மூட்டு மூட்டாக நகர்த்துவது, நேர்கோட்டில் நகர்த்துவது, மேசைக்கு ஓர் அச்சு (இடத்தை அளக்கும் எக்ஸ், ஒய், இசட் தொகுதி), கருவி முனைக்கு ஓர் அச்சு என்று வைப்பது, இவ்வளவும் அங்கேயே பழகும். மேசையின் அச்சை ஒழுங்காக வரையறுத்திருந்தால், மேசை நகர்ந்தாலும் எல்லாப் புள்ளிகளையும் மறுபடி கற்பிக்க வேண்டாம். உண்மையான ரோபோவின் வேலிக்குள் நின்று அதற்குப் புள்ளிகளைக் கற்பிக்கும்போது அதன் வேகம் விநாடிக்கு 250 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். ரோபோவை நகர்த்தக் கையில் பிடிக்கும் டீச் பென்டன்டில் மூன்று நிலை சுவிட்ச் ஒன்று உண்டு. அதை நடுநிலையில் பிடித்திருக்கும்வரைதான் ரோபோ அசையும். விட்டாலும் நிற்கும், பயந்து இறுக்கினாலும் நிற்கும். பயந்த மனிதன் இரண்டில் எதையும் செய்வான் என்று யோசித்துச் செய்த சுவிட்ச். மாணவர் கையில் கொடுத்து இரண்டையும் செய்து பார்க்கச் சொல்லுங்கள்.

படி 8: ஒன்றோடொன்று பேசவைத்தல்

கருவிகள் தகவல் பரிமாறும் மோட்பஸ் என்ற நெறிமுறை ஒன்றே போதும். மோடிகான் 1979இல் வெளியிட்டது, இன்றும் எங்கும் இருக்கிறது. ஈதர்நெட்டில் 502ஆம் போர்ட்டில் பேசும். இங்கேதான் பழைய கிட் திரும்ப வருகிறது: ஈதர்நெட் அல்லது வைஃபை உள்ள ஒரு போர்டில் மோட்பஸ் லைப்ரரி போட்டு, அறை வெப்பத்தைப் பிஎல்சிக்குக் கொடுக்கும் கருவியாக மாற்றலாம். கையேட்டில் 40001 என்று போட்டிருக்கும் ரெஜிஸ்டர் (ஓர் எண்ணை வைக்கும் நினைவக இடம்), ஒயரில் போகும்போது முகவரி 0. ஒன்று தள்ளி வரும் இந்தக் குழப்பம் வந்தே தீரும். கேபிளைப் பிடுங்கினால் கடைசியாக வந்த வெப்பநிலை பிஎல்சியில் அப்படியே நின்றுவிடும், பார்ப்பவருக்கு எல்லாம் நன்றாக இருப்பது போலத் தெரியும். அதனால் விநாடிக்கு ஒன்று கூடிக்கொண்டே போகும் ஓர் எண்ணையும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள். எண் நகரவில்லை என்றால் தகவல் பழையது.

படி 9: காகிதமும் கடைசிச் சோதனையும்

கடைசித் திட்டமாக, கன்வேயரில் வரும் பொருளை உலோகமா இல்லையா என்று பிரித்துத் தள்ளும் அமைப்பு போதும். கிட்டில் ஒரு மாலையில் செய்துவிடக்கூடியதுதான். இங்கே அதற்கு ஆறு வாரம் கொடுங்கள், ஏனென்றால் மதிப்பெண்ணில் பாதி காகிதத்துக்கு.

ஒவ்வொரு இன்புட், அவுட்புட்டுக்கும் முகவரி, பெயர், ஒயர் எண், அது 1 ஆக இருந்தால் என்ன பொருள் என்ற பட்டியல். ஒயரிங் வரைபடம். நிலை வரைபடம். கோளாறுகளின் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் திரையில் என்ன வரும், ஆள் என்ன செய்ய வேண்டும். 'கோளாறு 7' என்று காட்டும் திரை யாருக்கும் உதவாது. 'தள்ளுகோல் 2 விநாடியில் முனைக்கு வரவில்லை, பி3 சென்சாரைப் பார்க்கவும்' என்று எழுத வேண்டும்.

மதிப்பீட்டு நாளில் ஒரு குழு செய்த இயந்திரத்தை இன்னொரு குழுவிடம் கொடுங்கள். காகிதங்களும் மல்டிமீட்டரும் மட்டும் கையில். செய்தவர்கள் பேசக் கூடாது. நீங்கள் போய் மூன்று கோளாறு வையுங்கள்: ஒரு சென்சார் ஒயரை டெர்மினலில் இருந்து கழற்றிவிட்டு உள்ளே இருப்பது போலவே வையுங்கள், ஒரு ஃபியூஸை எடுத்துவிடுங்கள், ஒரு ரீட் சுவிட்சை இரண்டு மில்லிமீட்டர் நகர்த்துங்கள். முதலில் இயந்திரம் பாதுகாப்பாக நிற்கிறதா என்று பாருங்கள். பிறகு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஒதுங்கி நில்லுங்கள்.

முதலில் சொன்ன அந்த மாணவி இந்தச் சோதனையில் கழன்ற ஒயரைக் கண்டுபிடிக்க நான்கு நிமிடம் எடுத்துக்கொண்டாள். பேனல் கதவைத் திறந்தாள், லேப்டாப்பைத் தொடவில்லை. திரையில் வந்த வரியைப் படித்தாள், இன்புட் விளக்கைப் பார்த்தாள், வரைபடத்தில் விரல் வைத்து டெர்மினல் எண்ணைத் தேடினாள், மீட்டரை வைத்தாள். அப்புறம் ஒயரைப் பிடித்து மெல்ல இழுத்தாள். கையோடு வந்தது.